இரண்டாம் தொட்டியின் லேபிள்

மார்ச் 3

அண்ணி அவர்களுக்கு,

ஐஸ் பெட்டியைத் திறந்ததும் பாட்டிலுக்கு மேலே ஒரு கவர் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். உங்கள் நாத்தனார்தான் எழுதுகிறேன்.

புது உத்தரவு உங்களுக்கும் வந்திருக்கும். இனிமேல் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்திலும் நூல் பாக்டீரியாவைப் பார்த்து இது இன்ன வகை என்று நாங்களாகச் சொல்லக் கூடாதாம். வாரம் ஒரு முறை தொட்டியிலிருந்து பாட்டிலில் பிடித்து, ஐஸ் வைத்து, பஸ்ஸில் ஏற்றித் தலைமை லேபுக்கு அனுப்ப வேண்டுமாம். அங்கே இருப்பவர்கள் சாயம் போட்டு, கேமராவில் பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்புவார்களாம். அங்கே இருப்பவர்கள் என்றால் நீங்கள். எட்டு வருஷம் ஒரே மைக்ராஸ்கோப்பில் மாற்றி மாற்றிக் கண் வைத்துப் பார்த்தோம். இன்றைக்கு நான் பாட்டில் பிடிக்கிறவள், நீங்கள் பார்க்கிறவர். இருக்கட்டும்.

இரண்டாம் தொட்டி படுத்துகிறது. ஒரு லிட்டர் ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் வைத்தால் அடியில் சேரும் கசடு, அந்த ஸ்லட்ஜ், முந்நூறு மில்லியில் போய் உட்காரும், உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது எழுநூற்று எண்பதில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. முதல் தொட்டிக்கு வீட்டுத் தண்ணீர் மட்டும் வருவதால் அது சமர்த்தாக இருக்கிறது. இரண்டாவதில்தான் பிஸ்கட் கம்பெனித் தண்ணீர். நூல் முளைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மொத்த ஸ்லட்ஜையும் மிதக்க விட்டிருக்கிறது. இப்படியே போனால் ஒரு நாள் அது தெளிதொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கால்வாயில் விழும். கால்வாய்க்கு அந்தப் பக்கம் அந்தத் தண்ணீரை நம்பி ஒருவர் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார்.

என்ன நூல் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்பதுதானே உத்தரவு.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று அண்ணன் கேட்டால், நீங்கள் கிளம்பிய அன்று வாசலில் நடந்ததை அவனுக்கு நினைவுபடுத்துங்கள். "இனிமே நீங்க ரெண்டு பேரும் ஃபோன்ல பேசிக்காதீங்க, நடுவுல மாட்டிக்கிட்டு நான்தான் சாகுறேன்" என்று சொன்னது அவன்தான். அன்றைக்கு நான் சொன்னதை இன்னும் வாபஸ் வாங்கவில்லை. தலைமை லேப் வேலைக்கு முதலில் போன பெயர் என்னுடையது. எனக்கு டிப்ளமா, உங்களுக்குப் பட்டம். கண்ணுக்கு எந்தக் காலேஜில் பட்டம் கொடுக்கிறார்கள் என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். அண்ணன் அறையில் என் சைக்கிளை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நாத்தனார்

*

மார்ச் 6

ஊசிக்கு,

"அவர்களுக்கு" என்று நீ எழுதியதைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் கண்ணாடியைப் பார்த்து 'சோடா' என்று பெயர் வைத்து எட்டு வருஷம் லேப் முழுக்கக் கேட்கக் கூப்பிட்ட வாய் அது. உன் கண்ணின் கூர்மைக்கு நான் வைத்த 'ஊசி'யை நான் இன்னும் மாற்றவில்லை. உன் அண்ணனை எனக்குக் காட்டியவளே நீதான். இப்போது மட்டும் அண்ணியா?

வேலையை முதலில் முடித்துவிடுகிறேன். சாயம் போட்டதில் நூல் இளஞ்சிவப்பாக வந்தது. உள்ளே மணி மணியாக மின்னுகிறது. கந்தகத்தைத் தின்று சேர்த்து வைக்கிற வகை. பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் விடுமுறை நாட்களில் தண்ணீரைத் தேக்கி ஊசிப்போக விட்டுத் திறக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஸ்லட்ஜ் திரும்பி வருகிற குழாயில் குளோரின் கொஞ்சமாகக் கொடுங்கள். நூல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதுதான் முதலில் சாகும், உள்ளே இருக்கிற நல்லது பிழைத்துக்கொள்ளும். அதிகமாகக் கொடுத்தால் இரண்டும் போய்விடும். இதெல்லாம் உனக்குத் தெரியும். ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே திரை அலமாரிக் கதவு அகலம் இருக்கிறது. யாரும் ஒரு கண்ணை மூடுவதில்லை. பழக்கத்தில் நான் முதல் வாரம் திரையைப் பார்த்தே ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் கண் வலியா என்று கேட்டார்.

ஏப்ரல் கடைசி வரை எனக்குத் தகுதிகாண் காலம். ஒரு ரிப்போர்ட் தப்பாகிப் பிரச்சினை வந்தால் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் தூக்கம் சரியில்லை. உன் அண்ணனுக்கு ஒரு மோட்டார் பட்டறையில் காயில் கம்பி சுற்றுகிற வேலை கிடைத்திருக்கிறது.

முதல் தொட்டியில் பெரியப்பா சுகமா? நாலு ஜோடிக் காலோடு ஆடி ஆடி வந்த அந்தத் தண்ணீர்க்கரடியை முதலில் பார்த்து நான் கத்தியதும், நீ வந்து ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "இது எங்க பெரியப்பா சோத்தப் பாத்து நடக்குற நடை" என்று சொன்னதும் நினைவிருக்கிறதா? இங்கே நாற்பது நிலையங்களிலிருந்து பாட்டில் வருகிறது. ஒன்றில்கூட அவரைப் பார்க்க முடியவில்லை.

சோடா

*

மார்ச் 13

அண்ணி அவர்களுக்கு,

ரிப்போர்ட் வந்தது. எங்கள் இன்சார்ஜ் அதை இரண்டு கையாலும் வாங்கினார். கந்தக நூல் என்று பிப்ரவரி இருபதாம் தேதியே நான் அவரிடம் சொன்னேன். "அப்படியா, பார்ப்போம்" என்றார். நீங்கள் அதையே சாயம் பூசி, கலர் படம் ஒட்டி, சீல் குத்தி அனுப்பியதும் "பாரும்மா, படிச்சவங்க எப்படி எழுதியிருக்காங்கன்னு பாரு" என்று என்னிடமே காட்டுகிறார். எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

குளோரின் விட்டதில் ஜாடி ஐந்நூற்று அறுபதுக்கு இறங்கியிருக்கிறது. அந்தப் பெருமையும் உங்களுக்கே.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அம்மாவிடம் ஃபோனில் பேசினான். பத்து நிமிஷத்தில் எட்டு நிமிஷம் உங்கள் திரை, உங்கள் நாற்காலி, உங்கள் லேபில் செருப்பைக் கழற்றிவிட்டு நீலச் செருப்புப் போட்டுக்கொள்வது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "நீ இன்னும் ஒத்தக் கண்ணுலயா பாத்துக்கிட்டிருக்க?" என்று சிரித்தான். ஷிப்டு முடிந்ததும் நிலையத்து கேட் வாசலில் வண்டியோடு எனக்காக நின்றவன் அவன். மழையில் தான் நனைந்துகொண்டு எனக்குக் குடை பிடித்தவன். அவனை உங்களிடம் கொடுத்ததும் நான்தான், யாரும் பிடுங்கவில்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது என்று தெரியும். தெரிந்தால் மட்டும் போதுமா?

அம்மா வேறு. இருபது வருஷம் என்னை ஒரு வார்த்தை புகழாதவள், "என் மருமகள் கையெழுத்துப் போட்டாத்தான் அங்க தண்ணியே ஓடுமாம்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேற்று நான் கழுவி வைத்த பாத்திரத்தில் அழுக்கு இருக்கிறதாம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தாளோ என்னவோ.

பெரியப்பா சுகம். அவருக்கு என்ன குறை, முதல் தொட்டியில் பிறந்தவர்.

நாத்தனார்

*

மார்ச் 17

ஊசி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதில் எழுதக் கூடாது என்று நினைத்தேன். முடியவில்லை.

என்னைப் பார்த்து நீ எரிகிறாய். சரி. நான் எதைப் பார்த்து எரிகிறேன் என்று கேட்டிருக்கிறாயா? நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது உன் அண்ணனிடம் ஒரு படம் காட்டினேன். நாலு மணி நேரம் உட்கார்ந்து நான் கண்டுபிடித்த நூல் அது. அவர் தட்டிலிருந்து கையை எடுக்காமல், "ஊசியா இருந்தா சாயமே போடாம சொல்லியிருப்பா" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்குத் தெரியும். ஆனால் இந்த விளையாட்டு வாரத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. இங்கே எங்கள் சீஃபும் அப்படியே. "முதல்ல உங்க நிலையத்துல இன்னொருத்தங்களத்தான் கேட்டிருந்தோம், பட்டம் இல்லாததால நடக்கல" என்று எனக்கு மூன்று முறை சொல்லிவிட்டார். நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் எனக்கு முன்னாலேயே நீ உட்கார்ந்திருக்கிறாய். உன் அம்மா என்னைப் புகழ்கிறார்கள் என்கிறாய். என்னிடம் பேசும்போது அவர்கள் உன்னைத்தான் புகழ்கிறார்கள். நாம் இரண்டு பேரும் ஒரே தராசில் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் எனக்குத் தெரியாதது உனக்கு ஒரு கண்ணில் தெரியும். எட்டு வருஷமும் அது எனக்குத் தெரியும். போதுமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏன் மறைத்தாய் என்பாய். வேலை உறுதியானால் மே மாதம் பெரிய வீடாகப் பார்த்து மாறலாம் என்று இருக்கிறோம். தரைத் தளத்தில், மாடிப்படி இல்லாமல். அத்தையை இங்கேயே அழைத்துக்கொள்ளலாம் என்று உன் அண்ணன் சொல்கிறார். முட்டிக்கு நல்ல டாக்டர் இருக்கிறார். அத்தையிடம் பேசிவிட்டாராம், அவர்களும் சரி என்றுவிட்டார்களாம். உன்னிடம் யார் சொல்வது என்றுதான் இருவரும் முழித்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லிவிட்டேன்.

அடுத்த பாட்டிலை நிரம்பப் பிடிக்காதே, மேலே கொஞ்சம் காற்று விடு. போன முறை உயிரெல்லாம் மூச்சுத் திணறிப்போய் வந்தது.

சோடா

*

மார்ச் 20

அண்ணி,

பாட்டில் வைத்திருக்கிறேன். இரண்டாம் தொட்டி, இன்று காலை எட்டு மணிக்குப் பிடித்தது. ஜாடி அளவு ஐந்நூற்று நாற்பது. மேலே காற்று விட்டிருக்கிறேன்.

அம்மா விஷயம் நல்லதுதான். எனக்கு ஒன்றும் இல்லை.

பார்த்துச் சொல்லவும்.

நாத்தனார்

*

மார்ச் 24

ஊசி,

ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன். இரண்டாம் தொட்டி என்று வந்த பாட்டிலில் பொருட்படுத்தும்படியான நூல் எதுவும் இல்லை. ஸ்லட்ஜ் உருண்டைகள் நல்ல கட்டாக இருக்கின்றன. இந்த நிலையில் குளோரின் தேவையில்லை என்று எழுதியிருக்கிறேன். சீஃபும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

உன் தொட்டியை என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். வேறு ஏதாவது சொல்ல இருந்தால் சொல்.

பெரியப்பாவை விசாரித்ததாகச் சொல்.

சோடா

*

ஏப்ரல் 1

அண்ணி அவர்களுக்கு,

உங்கள் ரிப்போர்ட் வந்த அன்றே இன்சார்ஜ் குளோரினை மூடினார். அவருக்கு அந்த நெடி ஆகாது, எப்போதடா மூடலாம் என்று காத்திருந்தவர். வெள்ளிக்கிழமை ஜாடி எழுநூற்று ஐம்பது. திங்கட்கிழமை தொள்ளாயிரத்து அறுபது. இன்று விடிகாலை ஸ்லட்ஜ் தெளிதொட்டி விளிம்பைத் தாண்டிவிட்டது. பழுப்பாகக் கெட்டிப்பட்டு, ஓசையே இல்லாமல் விளிம்பு முழுக்க வழிந்து கால்வாய்க்குள் போனது. பம்ப் ஆள், எலக்ட்ரீஷியன், தோட்டக்காரர் எல்லோரும் வந்து நின்று பார்த்தார்கள். இன்சார்ஜ் உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வந்தவர் போனவர் எல்லோரிடமும் "தலைமை லேப் சொன்னதத்தான் செஞ்சேன், தலைமை லேப் சொன்னதத்தான் செஞ்சேன்" என்று காட்டிக்கொண்டிருக்கிறார். திரையும் கேமராவும் நீலச் செருப்பும் இருந்து என்ன பிரயோஜனம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது.

அங்கிருந்து ஃபோன் வந்துவிட்டது. விசாரணை இருக்கிறதாம். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்.

மேலே இருப்பது நேற்று எழுதியது. கவரை ஒட்டவில்லை. இன்று இரண்டாம் தேதி.

காலையில் நாற்றுப் பண்ணை அம்மாள் லேபுக்கு வந்தார். நான் தனியாக இருந்தேன். ஒரு தட்டு நிறைய நாற்றைக் கொண்டுவந்து என் மேஜையில் மைக்ராஸ்கோப்பின் பக்கத்தில் வைத்தார். வேரெல்லாம் சாம்பல் நிறத்தில் சளி பூசினது போல இருந்தது. ஏதாவது திட்டுவார் என்று நான் காத்து நின்றேன். "உங்க தண்ணியத்தான்மா நம்பி வச்சேன்" என்றார். அவ்வளவுதான். தட்டை எடுக்காமலே போய்விட்டார்.

சோடா, அந்தப் பாட்டில் இரண்டாம் தொட்டி இல்லை. முதல் தொட்டி. லேபிளை மட்டும் மாற்றி ஒட்டினேன்.

அம்மாவையும் அழைத்துக்கொள்கிறோம் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்துவிட்டு அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன். "ஆமாண்டி, நீதான் தனியா சமாளிச்சுக்குவியே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை பாட்டிலோடு இரண்டாம் தொட்டிக்குத்தான் நடந்தேன். கால் முதல் தொட்டியில் நின்றுவிட்டது. உன் ஒரு ரிப்போர்ட் தப்பானால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நீ வந்தால் அண்ணனும் வருவான், அம்மா போக மாட்டாள், பழையபடி நாலு பேரும் ஒரே வீட்டில் இருப்போம். இவ்வளவுதான் என் கணக்கு. அதில் கால்வாய் இல்லை, நாற்று இல்லை. ஸ்லட்ஜ் கொஞ்சம் ஏறும், உன் பெயர் கெடும், ஏறின அன்றே நான் குளோரினைத் திறந்து இறக்கிவிடுவேன் என்று நினைத்தேன். திறக்கச் சொன்னபோது இன்சார்ஜ் கேட்கவில்லை. உன் கையெழுத்தைக் காட்டி என்னை வாயை மூடச் சொன்னார். நீ திரும்பி வர வேண்டும் என்றுதான் உன்னைத் தள்ளினேன். இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்?

தனக்கு மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத் தடை ஆக வேண்டும் என்பார்கள். நான் அறுத்தது ஊரார் மூக்கை.

ஊசி

*

ஏப்ரல் 5

ஊசி,

கிடைத்தது. உன் அண்ணனிடம் காட்டவில்லை.

ஒன்பதாம் தேதி எனக்கு விசாரணை. அதற்கு முந்தின நாள் உங்கள் நிலையத்துக்கு மூன்று பேர் வருகிறார்கள். நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். சொல்லாமல் இரு என்றும் எழுத மாட்டேன்.

எனக்கு இப்போது கை ஓடவில்லை. பிறகு எழுதுகிறேன்.

சோடா

*

ஏப்ரல் 11

சோடாவுக்கு,

சொல்லிவிட்டேன். நீ பயந்து நின்றிருக்க வேண்டியதில்லை.

மூன்று பேரும் என் லேபிலேயே உட்கார்ந்தார்கள். உன் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்து, "இந்த அம்மா இதப் பாக்காம எழுதியிருக்காங்கன்னு நினைக்கிறீங்களா?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். எவ்வளவு சுலபமான கேள்வி பார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், மே மாதம் நீ என் பக்கத்து ஸ்டூலில் இருப்பாய். அந்த நாற்றுத் தட்டு அப்போதும் மேஜையில்தான் இருந்தது. காய்ந்து போயிருந்தது. "அவங்க பாத்ததத்தான் எழுதியிருக்காங்க. பாட்டில மாத்தினது நான்" என்றேன். ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். எதற்காக என்று கேட்டார்கள். குடும்ப விஷயம் என்றேன். கழிவுநீர்த் தொட்டிக்குள் என்னம்மா குடும்ப விஷயம் என்று கேட்டார் இன்சார்ஜ். அவருக்கு என்ன தெரியும்.

வேலை போகவில்லை. எட்டு வருஷத்துப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்களாம். ஆனால் லேப் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஒரு வருஷம் மைக்ராஸ்கோப்பைத் தொடக் கூடாது. பாட்டில் பிடிப்பது, ஐஸ் வைப்பது, பஸ்ஸில் ஏற்றுவது மட்டும். இனிமேல் பாட்டிலில் என் கையெழுத்தோடு பம்ப் ஆள் கையெழுத்தும் வேண்டும். அவர் பாவம், என்னைவிட அவருக்குத்தான் வெட்கம். நான் பிடிக்கும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

குளோரினைத் திறந்தாயிற்று. ஸ்லட்ஜ் இறங்குகிறது. பண்ணை அம்மாளின் வயல் வாய்க்காலைக் கழுவிவிட நாலு ஞாயிற்றுக்கிழமை நான் போக வேண்டும், நானே கேட்டு வாங்கிக்கொண்டது. இன்னும் அவர் என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

அம்மாவிடமும் சொன்னேன். மூன்றாம் நாள் காலை என் தட்டில் சாதத்தைப் போட்டுவிட்டு, "அங்க வந்து இருக்கேன்னு சொல்லிட்டேன், வார்த்த மாற முடியாது" என்றாள். போகட்டும். முட்டிக்கு நல்லது.

உன்னை நான் கேட்பது ஒன்றுதான். என்னை மன்னித்தாயா என்று எழுதாதே. மன்னித்தேன் என்று நீ எழுதினால் அதற்கும் எனக்கு எரியும்.

ஊசி

*

ஏப்ரல் 22

ஊசி,

நேற்று வேலை உறுதி உத்தரவு வந்தது. சீஃப் எல்லோர் முன்னாலும் வாசித்தார். ஏமாற்றுப் பாட்டிலிலும் இருந்ததை இருந்தபடியே எழுதியவள் என்று என்னைப் பாராட்டினார். கை தட்டினார்கள். நான் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்குத் தெரியும், ஊசி. அன்றைக்கே தெரியும்.

மார்ச் இருபத்தொன்றாம் தேதி, காலை பதினோரு மணி இருக்கும். இரண்டாவது ஸ்லைடைத் திரையில் போட்டேன். இடது மூலையிலிருந்து பெரியப்பா வந்தார். ஆடி ஆடி, சோற்றைப் பார்த்த அதே நடை. அலமாரிக் கதவு அகலத் திரையில் அவர் என் தலையளவுக்கு இருந்தார். இரண்டாம் தொட்டியில் அவர் இருக்க முடியாது. அந்தத் தண்ணீரில் ஒரு நாள் தாங்க மாட்டார். அதோடு இரண்டு வாரம் குளோரின் விட்ட தொட்டி என்றால் உடைந்த நூலாவது கிடக்க வேண்டும், துண்டுகூட இல்லை. எனக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது, நீ என்ன செய்திருக்கிறாய், ஏன் செய்திருக்கிறாய் என்று.

ஒரு ஃபோன் போதும். இல்லை, வேறு பாட்டில் அனுப்பு என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி போதும். நாற்பது நிலையத்துக்கும் அப்படி எழுதியிருக்கிறேன். உனக்கு எழுதவில்லை. குழி வெட்டியவளே அதில் விழட்டும் என்று நினைத்தேன். தொட்டி பொங்கட்டும், பாட்டிலை யார் பிடித்தார்கள் என்று கேட்கட்டும், இவளுடைய ஊசிக் கண் எவ்வளவு லட்சணம் என்று அண்ணனுக்கும் அம்மாவுக்கும் தெரியட்டும். இனிமேல் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் யாரும் உன் பெயரைச் சொல்லக் கூடாது. இதை நினைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். "பெரியப்பாவை விசாரித்ததாகச் சொல்" என்று எழுதினேனே, அது உனக்குப் புரியும், பயந்து நீயே சொல்லிவிடுவாய் என்றும் ஒரு ஓரத்தில் நினைத்தேன். அப்படி நினைத்ததால் எனக்கு ஒரு தப்பிக்கும் வழி இருந்தது. அவ்வளவுதான் அதற்குப் பொருள்.

பெரியப்பாவின் படத்தை அன்றைக்கே கணினியிலிருந்து அழித்துவிட்டேன். விசாரணையில் என்னைக் கேட்டார்கள், பாட்டில் மாறியிருக்கலாம் என்று சந்தேகம் வரவில்லையா என்று. வரவில்லை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதற்குக் கை தட்டினார்கள்.

நீ உன் பங்கைச் சொல்லிவிட்டாய். என் பங்கையும் சேர்த்து நீயே சுமக்கிறாய். இந்தக் கடிதம் இப்போது உன் கையில் இருக்கிறது, என் கையெழுத்தோடு. நீ என்ன செய்தாலும் சரி. இதை இன்சார்ஜிடம் காட்டினாலும் நான் உன்மேல் கோபப்பட மாட்டேன். உன் அண்ணனிடம் நானே சொல்ல வேண்டும், இன்னும் வாய் வரவில்லை.

சோடா

*

ஏப்ரல் 29

சோடா,

நாலு நாள் உன்னை நான் மனதுக்குள் வையாத வசவு இல்லை. பாட்டிலைக் கழுவும்போது வைதேன், ஐஸ் உடைக்கும்போது வைதேன். வாய்க்கால் கழுவப் போன இடத்தில் வாய்விட்டே வைதுவிட்டேன். பண்ணை அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "யாரை?" என்று கேட்டார். "எங்க அண்ணியை" என்றேன். அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். "எனக்கும் ஒருத்தி இருக்கா" என்று சொல்லிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

ஒரு வருஷம் மைக்ராஸ்கோப் இல்லாமல் நான் இருக்கிறேன், நீ கை தட்டல் வாங்கியிருக்கிறாய். இதை நினைத்தால் இப்போதும் பாட்டிலை ஓங்கித்தான் வைக்கிறேன். பெரியப்பாவை அழித்தாய் என்று படித்தபோதுதான் அழுதேன். அவர் என்ன பாவம் செய்தார்.

உன் கடிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். ராத்திரி எழுந்து இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்கே போய்விட்டேன். இன்சார்ஜ் அறை வாசலில் நின்றேன். உள்ளே அவர் யாரிடமோ உன்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார். கைப்பை ஜிப்பைத் திறந்துவிட்டேன். பம்ப் ஆள் வந்து, பாட்டில் பிடிக்க நேரமாச்சு என்று கூப்பிட்டார். போய்விட்டேன்.

அதனால்தான் உன் கடிதத்தை இந்தக் கவரிலேயே வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. இது என்னிடம் இருந்தால் ஒரு நாள் எடுத்துவிடுவேன். இன்னும் ஒரு வருஷத்தில் அண்ணன் உன்னைப் பற்றி ஏதாவது பெருமையாகச் சொல்வான், இல்லை அம்மா அங்கே உன் கையால் சாப்பிட்டுவிட்டு என்னிடம் ஃபோனில் ருசியைச் சொல்வாள், அன்றைக்கு என் கை தானாக அரிசி டப்பாவுக்குள் போகும். என்னை எனக்குத் தெரியும். நீ சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வாயோ, கிழித்துப் போடுவாயோ, அது உன் பாடு. நான் கேட்க மாட்டேன். அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடு. அவன் இரண்டு பேரிடமும் ஏமாறக் கூடாது.

அம்மா ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறாள். முட்டிக்கு ஜன்னல் ஓரம் கால் நீட்டுகிற சீட்டாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். இறங்கும்போது இடது பக்கம் பிடி.

பெட்டியில் இரண்டு பாட்டில் இருக்கிறது. ஒன்று இரண்டாம் தொட்டி, என் கையெழுத்து, பம்ப் ஆள் கையெழுத்து. அதற்கு ரிப்போர்ட் எழுது. இன்னொன்று முதல் தொட்டி, அதற்கு ரிப்போர்ட் வேண்டாம். லேபிள் சரியாகத்தான் ஒட்டியிருக்கிறேன், வேண்டுமானால் சந்தேகப்பட்டுக்கொள்.

எனக்குச் சாவி இல்லை. லேப் வாசலைத் தாண்டிப் போகும்போது ஒரு கண் தானாக மூடிக்கொள்கிறது. நீ அந்தப் பெரிய திரையில் போட்டுப் பார்த்துவிட்டு, என்ன தெரிந்தது என்று ஒன்று விடாமல் எனக்கு எழுது. நூல் எத்தனை, நீளமா குட்டையா, மணி மின்னுகிறதா. பெரியப்பா எந்த மூலையிலிருந்து வந்தார், எங்கே நின்றார் என்பதையும் எழுது.

ஊசி